போய்வரும் தொட்டி

கெஸோவை எரித்த அன்று மாலை, அவனுடைய படகு வழக்கமான நேரத்துக்குத் தானே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஏரியைக் கடந்து துஜிமா வீட்டுத் துறைக்குப் போனது. படகில் ஆள் இல்லை. துடுப்பு குறுக்கே கிடந்தது. காற்று அப்போது எதிரிலிருந்து அடித்துக்கொண்டிருந்ததை, எரித்த இடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மந்திரம் ஓத வந்திருந்த இரண்டு லாமாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சங்கைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு வெண்ணெய்த் தேநீர் குடிக்கப் போனார்கள். மறுநாள் வெளிச்சம் வருவதற்குள் படகு திரும்பி வந்து தன் முளைக்குப் பக்கத்தில் நின்றது. அதன் விலாவில் அந்தக் கரையின் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. அந்த வருடம் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது. மீன் கொஞ்சம் குறைவு.

எங்கள் லூகு ஏரியில் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துவதில்லை. அவரவர் தாய் வீட்டில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே வயதாகிச் சாவார்கள். பொழுது சாய்ந்தால் ஆண் தன் பெண்ணின் வீட்டுக்குப் போவான்; விடிவதற்குள் தன் அம்மாவின் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். பிள்ளைகள் தாயின் வீட்டுக்குச் சொந்தம், அவர்களை வளர்ப்பது தாய்மாமன். இதற்கு எங்கள் பேச்சில் போய்வருதல் என்று பெயர். மலையாக உட்கார்ந்திருக்கும் எங்கள் கெமு அம்மனுக்கே இதுதான் சட்டம். விடிந்துவிட்டதே என்று அவசரமாகக் கிளம்பிய அவள் ஆளின் குதிரை திரும்பி மிதித்த குளம்புப் பள்ளத்தில் அவள் அழுத கண்ணீர்தான் இந்த ஏரி என்பார்கள். உறவு முறிந்தால் பஞ்சாயத்து இல்லை, பங்கு பிரிப்பது இல்லை. 'வர்றதில்ல' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் அனுப்பும் பெண்ணை ஊரே கேவலமாகப் பார்க்கும். இன்னொன்றும் உண்டு. தாயும் மகனும், அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய்வருதலைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. வாய் தவறி விட்டால் கேட்டவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். இந்தக் கதையில் நடந்ததெல்லாம் இந்த வாய்ப்பூட்டால் நடந்தது.

கெஸோ மற்றவர்களைப் போல நடந்து போனவன் அல்ல. அவன் போய்வந்த துஜிமாவின் வீடு சரியாக எதிர்க்கரையில் இருந்தது. கரையோரமாகச் சுற்றி நடந்தால் மதியம் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். அதனால் இளவயதில் ஒரு பெரிய பைன் மரத்தைத் தேர்ந்து வெட்டி, நெருப்பு வைத்தும் வாய்ச்சியால் செதுக்கியும் வயிற்றைக் குடைந்து, ஒற்றை மரத்தில் அந்தப் படகைச் செய்தான். எங்கள் ஊரில் அதைத் தொட்டி என்றுதான் சொல்வோம். பன்றிக்குத் தீனி வைக்கும் தொட்டிக்கும் அதே பெயர்தான். முன்னொரு காலத்தில் மலைக்குள்ளிருந்து வெள்ளம் உடைத்துக்கொண்டு வந்தபோது, பன்றிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி அந்தத் தொட்டிக்குள்ளேயே பாய்ந்து, தீனி கிளறும் அகப்பையால் துழாவித் தப்பித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வயிற்று வழி வந்தவர்கள். ஆகவே எங்களுக்குப் படகு என்பதும் பன்றித் தொட்டி என்பதும் வேறு வேறு அல்ல.

கெஸோ முப்பது வருடத்துக்கு மேல் அப்படிப் போய்வந்தான். துஜிமாவின் வீடு ஒரு காலத்தில் பெரிய வீடு. சாப்பாட்டு நேரத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார இடம் போதாமல் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வார்கள். பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அண்ணன் மடத்தில் சேர்ந்து அங்கேயே இறந்தான். கெஸோவுக்கும் அவளுக்கும் பிறந்த ஒரே மகள் ஒரு லாரி ஓட்டுநரோடு சமவெளி நகரத்துக்குப் போய், எட்டாவது மாடியில் குடியிருந்தாள். அவ்வளவு பெரிய வீட்டில் துஜிமாவும் அடுப்பும்தான் மிச்சம். எங்கள் வீடுகளில் நடுக்கூடத்து அடுப்பு அணையக் கூடாது. தாய்க்குப் பின் மகள் என்று தலைமுறை தலைமுறையாக அதே நெருப்பு எரியும். அது அணைந்தால் அந்த வீடு முடிந்தது என்று அர்த்தம். வீட்டில் ஆள் நிறைய இருந்தால் இது ஒரு வேலையே இல்லை. ஒருத்தி மட்டும் இருந்தால் அவள் எங்கேயும் போக முடியாது. திருவிழாவுக்கும் சந்தைக்கும் துஜிமா போவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. ஆள் இல்லாத வீட்டுக்கு ஆண் ஒருவன் குடிபோவது எங்களிடம் உண்டு, கெஸோவிடமும் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் அவன் தன் அக்கா குவோமாவின் வீட்டில் ஒரே தாய்மாமன். ஏர் பிடிக்கவும் பிள்ளைகளை வளர்க்கவும் வேறு ஆள் கிடையாது. அவனால் அந்த வீட்டை விட முடியவில்லை. மாலையில் போனான், விடியுமுன் வந்தான், ஒருநாள் மாரைப் பிடித்துக்கொண்டு செத்தும் போனான்.

இறுதிச் சடங்குக்குத் துஜிமா வந்திருந்தாள். அவள் அந்த வீட்டுக்கு உறவு அல்ல. ஆகவே தேயிலைக் கட்டியும் ஒரு துண்டு உப்புப் பன்றிக்கறியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விருந்தாளிகள் வரிசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து, கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அடுப்பு அணைந்துவிடுமே என்று எரிப்பதற்கு முன்பே கிளம்பினாள். அழக்கூட அவளுக்கு அங்கே முறை இல்லை. அதனால்தான் அன்று மாலை அவளுடைய துறைக்குப் படகு வந்தபோது அவள் முதலில் செய்தது அழுததுதான். பிறகு படகை முளையில் கட்டி, தானிய மது ஒரு கிண்ணம் ஊற்றி உட்கார் பலகையில் வைத்து, அன்றைக்கு நடந்ததை எல்லாம் அதனிடம் சொன்னாள். யார் யார் வந்தார்கள், கறி எப்படி வெந்திருந்தது, குவோமா எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பதையெல்லாம். காலையில் கிண்ணம் காலியாக இருந்தது.

அப்படியே பல வருடம் நடந்தது. அந்தக் கரைப் பெண்கள் துணி துவைக்க வரும்போது அவளைச் சீண்டுவார்கள்.

“என்னடி துஜிமா, நேத்து உன் ஆளு நேரத்துலயே வந்துட்டாரு போல?”

“வராமலா? என் ஆளு குடிச்சுட்டு உளர்றதில்ல, கொறட்டை விடுறதில்ல, பக்கத்து வீட்டுக்காரி எங்கன்னு கண்ண அலைய விடுறதில்ல. உன் ஆளப் பத்திச் சொல்லு பாப்போம்” என்பாள் துஜிமா.

சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் இரண்டு கிண்ணம் வைத்து ஒரு கிண்ணத்தில் குடிப்பவளுக்கு, சிரித்து முடித்த பிறகு வரும் அமைதி எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். படகு கை நீட்டாது. பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லாது. ஆனாலும் அது வந்தது. வருகிறவரைக்கும் அவள் 'வர்றதில்ல' என்று சொல்லப்பட்ட பெண் அல்ல.

இதற்குள் ஏரியில் மற்ற ஒற்றை மரத் தொட்டிகள் எல்லாம் போய்விட்டன. சுற்றுலாக்காரர்களுக்குப் பலகைப் படகுகள்தான் வசதி. பழையவை சில விறகாயின, சில விடுதி வாசல்களில் மண் நிரப்பிப் பூச்செடி வைக்கப் பயன்பட்டன. கெஸோவின் படகு ஒன்றுதான் மிச்சம். கீழே ஊரிலிருந்த ஓர் அலுவலகத்துக்கு இது எப்படியோ தெரிந்து, குவோமாவின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் வீட்டிலுள்ள பழைய பன்றித் தொட்டி பாதுகாக்கப்பட வேண்டிய அரும்பொருள். அதை இனிப் பயன்படுத்தக் கூடாது' என்று அதில் இருந்தது. குவோமாவின் மகன் பிஞ்சோ, டிராக்டர் ஓட்டுபவன், அதைப் படித்துச் சொன்னான். குவோமா அரசாங்கத்தை மதிக்கிறவள். அன்றைக்கே பன்றிகளுக்குப் பிளாஸ்டிக் பேசினில் தீனி வைத்தாள். தொட்டியைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் காயவைத்து, நல்ல துணி போர்த்தி அடுப்புக்கூடத்தின் மூலையில் வைத்தாள். பன்றிகள் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு சரியாகத் தின்னவில்லை.

இலையுதிர் காலத்தில் லியாவ் என்ற இளம் அலுவலர் வந்தார். ஒல்லியான, தனியாகவே ஊர் ஊராகச் சுற்றுகிற மனிதர். பழைய மரத்தைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். குவோமா அவரைப் பெருமையோடு மூலைக்கு அழைத்துப் போய்த் துணியை விலக்கினாள். லியாவ் மண்டியிட்டுப் பார்த்தார். மூக்கைச் சுளிக்காமல் இருக்க முயன்றார்.

“கொஞ்சம் சின்னதா இருக்கே அம்மா?”

பிஞ்சோ மொழிபெயர்த்தான். குவோமாவுக்குச் சுருக்கென்றது.

“எங்க பன்னிங்களுக்கு இது போதும் சார். பெருசு வேணும்னா வேற வீட்டுல போய்ப் பாருங்க.”

விஷயம் தெளிந்தபோது லியாவ்தான் அதிகம் சிரித்தார். பிறகு கரைக்குப் போய்ப் படகைப் பார்த்தார். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அடிப்பக்கம் மெலிந்திருந்தது, வாயோரம் தேய்ந்திருந்தது. இப்படியே தண்ணீரில் உரசிக்கொண்டிருந்தால் சில வருடம்கூடத் தாங்காது என்றார். உள்ளே வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, எதிரே தாயையும் மகனையும் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“இந்தப் படக இப்ப யாராவது ஓட்டுறாங்களா?”

குவோமா நெருப்பைப் பார்த்தாள். பிஞ்சோ தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

“யாரும் ஓட்டுறதில்ல சார்” என்றான் பிஞ்சோ. அது உண்மை.

“எங்கயாவது போகுதா?”

அடுப்பில் விறகு வெடித்தது. ஏரியைச் சுற்றி இருக்கிற எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல முடியாது. தாய் மட்டும் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். மகன் மட்டும் இருந்திருந்தாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். லியாவ் கொஞ்சம் காத்திருந்தார். யாருக்கும் பயன்படாத படகு என்று முடிவுசெய்துகொண்டார். அந்த வாரமே கரைக்கு மேலே ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை எழுந்தது. படகைத் தூக்கி மரத் தாங்கிகளின் மேல் வைத்து, சுற்றுலாக்காரர்கள் எடுத்துப் போய்விடாமல் இருக்கச் சங்கிலி போட்டுப் பூட்டி, வாசலில் 'பன்றித் தொட்டி, தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். சாவியை லியாவ் கொண்டுபோனார்.

அன்று மாலை துஜிமா இரண்டு கிண்ணத்தோடு துறையில் நின்றாள். இருட்டிய பிறகும் நின்றாள். மறுநாளும் நின்றாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டு, ஏதோ வேலையாக வந்தவள்போல அந்த நேரத்துக்குத் துறைப்பக்கம் விறகு பொறுக்க வந்தாள். துணி துவைக்கும் பெண்கள் சீண்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை; கேட்கக் கூடாது. இளமையில் ஒருவன் வராமல் போனால் இன்னொருவன் வருவான். அவளுக்கு அந்த வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. குளிர்காலம் முழுக்க அவள் நெருப்புக்கு மட்டும் தீனி போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல், தன் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடும் அளவுக்கு இருந்தாள்.

இந்தக் கரையில் படகு வெடிக்க ஆரம்பித்தது. எங்கள் குளிர்காலத்தில் காற்று எலும்பையே உலர்த்திவிடும். பகலில் படகு சும்மா கிடக்கும். பொழுது சாயும்போது தாங்கிகளின் மேல் கிறீச்சிட்டுக்கொண்டு முகத்தை ஏரிப்பக்கம் திருப்பும். சங்கிலி இறுகும். விடியும்போது பழைய இடத்துக்கு வந்துவிடும். நாளுக்கு நாள் வயிற்றில் ஒரு வெடிப்பு நீண்டு, விரல் நுழையும் அளவுக்கு அகன்றது. பிஞ்சோவுக்குப் பாதுகாப்பது என்றால் ஒன்றுதான் தெரியும். முழுப் பன்றியை எலும்பெடுத்து, உப்பிட்டுத் தைத்து, பத்து வருடம் கெடாமல் வைத்திருப்போம் நாங்கள். அவன் படகுக்கு உள்ளும் புறமும் பன்றிக் கொழுப்பை உருக்கிப் பூசினான். ஊர் நாய்கள் எல்லாம் வந்து நக்கிவிட்டுப் போயின. வெடிப்பு நிற்கவில்லை. லியாவ் வந்து பார்த்துவிட்டுக் கலங்கிப்போனார்.

“இப்படியே போனா அடுத்த குளிருக்குள்ள ரெண்டாப் பொளந்துடும். அதுக்குள்ள நகரத்துக்கு எடுத்துட்டுப் போய் மெழுகுத் தொட்டியில முக்கி எடுக்கணும். அப்புறம் கண்ணாடிக்குள்ளதான் வைக்கணும். இங்க திரும்பி வராது.”

இந்தச் செய்தியை ஒரு பலகைப் படகுக்காரி எதிர்க்கரைக்குக் கொண்டுபோனாள். துறையில் துஜிமாவைப் பார்த்துவிட்டு, தயங்கி, சொல்லியே விட்டாள்.

“வராம இல்லடி. வர விடல. சங்கிலி போட்டுக் கெடக்கு. வயித்துல இவ்ளோ பெரிய வெடிப்பு.”

துஜிமா விறகைக் கீழே போட்டாள்.

“வர முடியலியா?” என்றாள். பிறகு தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள்: “காலு ஒடிஞ்சு கெடந்தா, போய்ப் பாக்க மாட்டாங்களா?”

மறுநாள் மதியம் அவள் நல்ல கட்டையாக மூன்றை அடுப்பில் வைத்து, சாம்பலால் மூடி, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கள் ஏரியில் பெண் போய்வருவது கிடையாது. ஆண்தான் போவான், பெண் வீட்டில் இருப்பாள். அம்மனே அப்படித்தான் மலையாக உட்கார்ந்திருக்கிறாள். துஜிமா கரையோரமாகச் சுற்றி நடந்தாள். வழியில் பார்த்தவர்கள் எங்கே என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. பொழுது சாயும்போது குவோமா வீட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தாள். நாய்க்கு ஒரு வெந்த உருளைக்கிழங்கு போட்டாள், காதலிக்கிற ஆண்கள் எல்லாம் செய்வதுபோலவே. உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு ஆண்கள் தொப்பியை வாசலில் மாட்டுவார்கள். அவளிடம் தொப்பி இல்லை. தலைத்துணியை அவிழ்த்துக் கொட்டகை வாசலில், 'தொடாதீர்கள்' பலகை மேலேயே மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அங்கிருந்த வாளியில் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு வந்து படகின் வயிற்றில் ஊற்றினாள். கொழுப்பு பூசியிருந்த மரம் முதலில் குடிக்க மறுத்தது. பிறகு சத்தம் கேட்கும்படியாகக் குடித்தது. ஊற்றிக்கொண்டே குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்திருந்த பேச்சை எல்லாம் பேசினாள். அதில் திட்டும் நிறைய இருந்தது. அன்று படகு கிறீச்சிடவில்லை, திரும்பவும் இல்லை. கிழக்கு வெளுக்கும் முன் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு அவள் புறப்பட்டுவிட்டாள். போய்வருபவர் விடிவதற்குள் போய்விட வேண்டும் என்பதை அவள் கடைப்பிடித்தாள். வீட்டுக்கு வந்து சாம்பலைக் கிளறியபோது அடியில் கொஞ்சம் தணல் இருந்தது. ஊதி எரியவைத்துவிட்டுப் படுத்தாள். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போய்வந்தாள். நெருப்பு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் அவளுக்கு நேரம்.

குவோமா முதல் நாளே தலைத்துணியைப் பார்த்துவிட்டாள். மகளைத் தேடி ஆள் வந்தால் வீட்டுக்காரர்கள் எப்படி எதையும் பார்க்காதவர்கள்போல இருப்பார்களோ, அப்படியே இருந்தாள். மாலையில் நாயைப் பின்கட்டில் கட்டச் சொன்னாள். கொட்டகைப் பக்கம் சின்னப் பிள்ளைகள் போகக் கூடாது என்றாள். வாளி ஓட்டையாகிவிட்டதைக் கவனித்து, ஒரு புது வாளியை அங்கே மறந்துவைப்பதுபோல வைத்தாள். பிஞ்சோவும் எல்லாவற்றையும் பார்த்தான். தாயும் மகனும் ஒரே அடுப்பின் முன் உட்கார்ந்து வானிலையைப் பற்றியும் டிராக்டர் டயரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை வந்தபோது லியாவ் வெடிப்பைத் தேடித் தேடிப் பார்த்தார். அது ஒரு நூல்போல மூடியிருந்தது. மெழுகு வேண்டாம், நகரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்ன செய்தீர்கள் என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேட்டார். மறுபடியும் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள்.

“பன்னிக் கொழுப்பு” என்றான் பிஞ்சோ.

லியாவ் அதை நம்பி ஊர் ஊராகச் சொன்னார். அடுத்த வருடம் எங்கெங்கோ இருந்த பழைய படகுகளுக்கெல்லாம் பன்றிக் கொழுப்பு பூசியதாகவும், நாய்த் தொல்லை தாங்கவில்லை என்றும் கேள்வி.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. மூன்றாவது குளிரில் துஜிமாவின் முழங்கால் வீங்கியது. முன்பு நடந்த நேரத்துக்குள் அவளால் நடக்க முடியவில்லை. ஒருநாள் அவள் கொட்டகையில் இருக்கும்போதே பனி கொட்ட ஆரம்பித்தது. திரும்பும் வழியில் கரையோரப் பாதை தெரியவில்லை. பாதி வழியில் ஒரு மாட்டுக் கொட்டிலில் ஒதுங்கி, வழக்கத்தைவிட வெகு நேரம் கழித்து வீடு போய்ச் சேர்ந்தாள். சாம்பலைக் கிளறினாள். அடிவரைக்கும் கிளறினாள். கையைவிட்டுப் பார்த்தாள். சாம்பல் அவள் கையைவிடக் குளிர்ந்திருந்தது. அவளுடைய அம்மாவும் அம்மாவின் அம்மாவும் அதற்கு முன்பிருந்தவர்களும் அணையாமல் கைமாற்றிக் கொடுத்த நெருப்பு அவள் கையில் அணைந்துவிட்டது. வத்திக்குச்சி இருந்தது, அதைக் கிழித்து எரியவைக்கும் நெருப்பு அந்த நெருப்பு ஆகாது. அவள் அடுப்புக்கு முன்னால் ஈரத் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குவோமாவுக்குத் தினமும் காலையில் வாசலுக்கு வந்து எதிர்க்கரையைப் பார்க்கும் பழக்கம் இருந்தது. தன் தம்பி போய்வந்த காலத்திலிருந்தே உண்டு, யாருக்கும் தெரியாது. அன்று பனி நின்று வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அந்தக் கரையில் எல்லா வீட்டுக் கூரையிலும் புகை. ஒரு வீட்டுக் கூரையில் மட்டும் இல்லை. மதியம் வரை பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள். பிஞ்சோ அடுப்பருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“எந்திரி. போய்க் கொட்டாய்ல கெடக்கிற தொட்டிய அவுத்துத் தண்ணியில விடு.”

“சாவி ஆபீசர்கிட்ட இருக்கும்மா.”

“கோடாலி நம்மகிட்ட இருக்கு.”

பிஞ்சோ கிண்ணத்தைக் கீழே வைத்தான். குவோமா அவன் முகத்தை நேராகப் பார்த்து, எங்கள் ஏரியில் எந்தத் தாயும் மகனிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“அவன் அவளத் தேடிப் போனான். செத்த பெறவும் போனான். நீயும் நானும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்து அதத் தடுத்துட்டோம். இந்தக் காலு வீங்கினவ நடந்து வந்து தண்ணி ஊத்திட்டுப் போறா, அதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். இப்ப அவ அடுப்பு அணஞ்சு போச்சு. நம்ம வீட்டுக்கு ஒழைக்கணும்னுதான் எந்தம்பி அங்க குடிபோகாம இருந்தான். போதும், அவன் ஒழைச்சது. போகட்டும்.”

பிஞ்சோ முறைப்படி எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். எழுந்து வெளியேதான் போனான், கோடாலியை எடுத்துக்கொண்டு. சங்கிலி இரண்டாவது வெட்டில் விட்டது. குவோமா தன் அடுப்பின் நடுவிலிருந்து நல்ல தணலாக எடுத்து ஒரு மண்சட்டியில் போட்டு, சாம்பல் தூவிக் கொண்டுவந்தாள். ஒரு வீட்டு அடுப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நெருப்பு கொடுப்பது, தனி வீடு கட்டிப் பிரிந்து போகும் மகளுக்கு மட்டும் செய்வது. அதைப் படகின் உட்கார் பலகையில் வைத்தாள். துடுப்பைக் குறுக்கே போட்டாள். படகு தள்ளுவதற்குக் காத்திருக்கவில்லை. எதிர்க்காற்றில், புகைந்துகொண்டு, நேராகப் போனது. பொழுது இன்னும் சாயவில்லை. பகலில் அது போனது அதுதான் முதல் தடவை. சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

தாயும் மகனும் கரையிலேயே நின்றார்கள். வெகு நேரம் கழித்து எதிர்க்கரையில் அந்த ஒரு கூரையிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. முதலில் கறுப்பாக, பிறகு வெள்ளையாக. குவோமா மூக்கைச் சிந்திவிட்டு, பன்றிக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.

மறுநாள் விடிவதற்குள் படகு திரும்பவில்லை. விடிந்தும் திரும்பவில்லை. லியாவ் வசந்தத்தில் வந்தபோது கொட்டகையில் தாங்கியின் மேல், சுரண்டிக் கழுவி நல்ல துணி போர்த்தி, குவோமாவின் பன்றித் தொட்டி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாசல் பலகையைப் பார்த்தார். பலகையில் எழுதியிருந்தது சரியாகவே இருந்தது. பிறகு கரைக்குப் போய் எதிர்க்கரையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பலகைப் படகுக்காரியிடம் ஏதோ கேட்டார், அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாவியை ஏரியில் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். படகு துஜிமாவின் துறையில், பாதி உடம்பு தண்ணீரில் முழுகியபடி, வெடிப்பு இல்லாமல் இருக்கிறது. எங்கேயும் போவதில்லை. துணி துவைக்க வரும் பெண்கள் மறுபடியும் வாயைத் திறந்துவிட்டார்கள்.

“என்னடி துஜிமா, வெயில் ஏறிப்போச்சு, உன் ஆளு இன்னும் கெளம்பலியா?”

“கெளம்பறேன்னுதான் சொன்னாரு” என்றாள் துஜிமா. “நாந்தான் இருங்கன்னேன்.”

அந்த வருடம் உருளைக்கிழங்கு சுமார். மீன் பரவாயில்லை.